முதல் வெள்ளியின் உப்பு

மைசூர் ரயில்வே பட்டறைக்கு எதிரே தகரக் கூரை போட்ட கந்தசாமியின் சாப்பாட்டுக் கடையில், மாதத்தில் ஒரே ஒரு நாள் சாம்பாரில் உப்பு தப்பும். ஒரு மாதம் சப்பென்று இருக்கும், மறுமாதம் கரிக்கும். காலை ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் இரண்டு வாய் இட்லி தின்றதும் நாளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

"இன்னிக்கு மாசத்து மொதல் வெள்ளிடா. தீர்வையம்மா கோயிலுக்குப் போயிருக்கு" என்பான் ஃபிட்டர் லிங்கப்பன். அவன் குரல் பட்டறைச் சத்தத்தில் பழகியது. தெருவரைக்கும் கேட்கும். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் எவனும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனதில்லை. மற்ற நாளெல்லாம் அவர்களை அந்தக் கடைக்கு இழுத்துவந்தது அதே சாம்பார்தான்.

தீர்வையம்மா என்று அவர்கள் பெயர் வைத்தது ராயம்மாளுக்கு. கொள்ளேகாலத்துக்கு அப்பால் மார்டள்ளியில் பிறந்த கிறிஸ்தவப் பெண். பதினேழு வயதில் கொத்தனார் சூசைக்கு வாழ்க்கைப்பட்டு மைசூர் வந்தாள். முப்பத்துநாலு வருஷம் அவன் கட்டிய சுவர்களுக்குச் சாந்துச் சட்டி சுமந்தாள். அவன் போனபிறகு கந்தசாமியின் கடையில் அடுப்படிக்கு வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. மார்டள்ளிக் கோயிலில் உபதேசியார் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்த ஞானோபதேசம் மட்டும் முழுக்க மனப்பாடம். மனிதனுக்குக் கடைசியாக வருபவை எத்தனை? நான்கு. அவை யாவை? சாவு, தீர்வை, மோட்சம், நரகம்.

சாவு எல்லாருக்கும் தெரிந்தது. மோட்சத்தையும் நரகத்தையும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்குப் புரிந்தது தீர்வைதான். செத்தவுடன் ஆண்டவர் முன்னால் தனியாக நிற்கவேண்டும். செய்தது, செய்யாமல் விட்டது, நினைத்தது எல்லாவற்றையும் அவர் கேட்பார். பக்கத்தில் புருஷனும் இருக்கமாட்டான், முதலாளியும் இருக்கமாட்டான். சாந்துச் சட்டியோடு சாரத்தில் ஏறும்போது தவறி விழாமல் அடி எடுத்துவைப்பதுபோல, அந்த நாளை நினைத்துத்தான் அவள் ஒவ்வொரு அடியும் வைத்தாள்.

கடைக்கு வந்த புதிதில் ஒருநாள் கந்தசாமி சொன்னார்: "ராயம்மா, நேத்துச் சாம்பார் அரைக் குண்டான் இருக்குது பாரு. புதுசுல ஊத்திக் கொதிக்கவெச்சா எவனுக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமுங்க. செத்தா தீர்வையில நிக்கறது நானா, நீங்களா?"

"ரெண்டு பேருந்தான் சாவோம்."

"நீங்க உங்க முருகங்கிட்டச் சொல்லிக்குங்க. நான் அங்க போயிப் பழைய சாம்பாருக்குப் பதில் சொல்ல முடியாதுங்க."

பழைய சாம்பார் சாக்கடைக்குப் போனது. கந்தசாமி நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. லிங்கப்பன் இதைக் கேட்டுவிட்டு வைத்த பெயர்தான் தீர்வையம்மா. அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபம் வேறு ஒரு பாவம் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அது சூசை விட்டுப்போன பயம்.

சூசை நல்லவன்தான். ஆனால் குடிப்பான். கடைசி நாலு வருஷமாகப் பாஸ்கு என்கிற ஈஸ்டர் காலத்தில்கூடச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் புள்ள" என்பான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு வீட்டு வேலையில், செங்கல்லைக் கையில் வாங்கினவன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ராயம்மாள் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, சைக்கிள் வைத்திருந்த ஒருவனைச் சாமியாரைக் கூட்டிவர அனுப்பினாள். சாமியார் ஊரின் அந்தக் கோடியில் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது சூசையின் கை சில்லிட்டிருந்தது. அவர் முழங்கால் போட்டு, "உயிர் இருக்குமானால்" என்று சொல்லி அவன் நெற்றியில் எண்ணெய் பூசினார். அதுதான் முறை. செத்தவனுக்கு அவஸ்தைபூசுதல் கிடையாது. உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால் அப்படிச் சொல்லிப் பூசவேண்டும்.

இருக்குமானால். எட்டு வருஷம் அந்த ஒரு சொல் ராயம்மாளின் காதில் இருந்தது. மடியில் வைத்திருந்தவள் அவள். உயிர் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

தனக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது. நாலு நாள் படுத்தாலும் சரி, நாற்பது நாள் படுத்தாலும் சரி, சாமியார் வரும்வரை உயிர் நிற்கவேண்டும். பாவத்தைச் சொல்லி, நன்மை என்கிற பூசை அப்பத்தை நாக்கில் வாங்கி, எண்ணெய் பூசிக்கொண்டு தீர்வைக்குப் போகவேண்டும். இதற்கு ஒரு வழி இருந்தது. இயேசுவின் திருஇருதயத்துக்கு ஒப்புக்கொடுத்த ஒன்பது முதல் வெள்ளிகள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, ஒன்பது மாதம் விடாமல் தொடர்ந்து, பூசை கண்டு நன்மை வாங்கினவர்கள் கடைசிச் சடங்குகள் இல்லாமல் சாவதில்லை என்பது வாக்கு. ஒரு மாதம் விட்டால் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

எழுத்து தெரியாதவள், ஒன்பது புளியங்கொட்டைகளைக் கழுவி ஒரு தகர டப்பாவில் போட்டாள். நன்மை வாங்கி வந்த ஒவ்வொரு முதல் வெள்ளியும் ஒரு கொட்டை பக்கத்து டப்பாவுக்கு மாறும்.

முதல் தடவை நாலாவதில் நின்றது. அடுத்த வருஷ ஏப்ரலில் இயேசு இறந்த பெரிய வெள்ளிக்கிழமையே முதல் வெள்ளியாக வந்தது. அந்தக் காலத்தில் அன்று யாருக்கும் நன்மை கொடுக்கமாட்டார்கள். "இது உன் குத்தமில்லையே, சேரும்னுதான் நெனைக்கிறேன்" என்றார் மைசூர்க் கோயில் உபதேசியார். நினைக்கிறேன் என்பது ராயம்மாளுக்குப் போதவில்லை. கொட்டைகளைத் திரும்பக் கொட்டிவிட்டாள். இரண்டாம் தடவை அம்மை வார்த்துப் படுத்தாள். மூன்றாம் தடவை ஏழாவது வெள்ளி, கொள்ளேகாலத்தைக் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து பிரித்து மைசூரோடு சேர்த்த அந்த வாரத்தில் வந்தது. ஊர் முழுக்க ஊர்வலம், தோரணம். கடையில் கூட்டம் அலைமோதியது. "இன்னிக்கு ஒரு நாள் என்னைய விட்டுட்டுப் போயிராத தாயி" என்று கந்தசாமி கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். அவள் போகவில்லை. அவள் ஊர் இருந்த இடத்திலேயே இருக்க ராஜ்யம் மட்டும் மாறியதைப் பற்றிக் கடையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ராயம்மாள் ஆறு கொட்டைகளைத் திரும்ப மாற்றிப் போட்டாள்.

அதற்குப்பிறகு மூன்று வருஷம் அவள் அந்த டப்பாவைத் தொடவில்லை. உடம்பில் தெம்பில்லை. விடியுமுன் எழுந்து மரத்தூள் அடுப்பை மூட்டி, இருநூறு பேருக்கு இட்லி ஊற்றி, சாம்பார் இறக்கும்போதே முழங்கால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். ஐம்பத்தொன்பதாம் வருஷக் கடைசியில், மாவுக் குண்டானைத் தூக்கினவளுக்கு மூச்சு அடைத்துக் கண் இருட்டியது. நினைவு திரும்பியதும் முதலில் சூசையின் சில்லிட்ட கைதான் நினைவுக்கு வந்தது. அடுத்த முதல் வெள்ளி டிசம்பர் நாலாம் தேதி. டப்பாவை எடுத்தாள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. நன்மை வாங்குமுன் மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். பூசை ஆறு மணிக்கு. சாம்பார் இறக்குவது ஐந்து மணிக்கு. இறக்குமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் ராயம்மாள் உப்புப் பார்ப்பாள். முதல் வெள்ளியன்று அது ஆகாது. ஆகவே அன்று உப்புப் பார்ப்பது மல்லம்மா.

மல்லம்மா மாவாட்டிப் பாத்திரம் தேய்க்கிறவள். ராயம்மாளைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டில் கன்னடம், கடையில் ஒரு மாதிரித் தமிழ். புகையிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போனவள். எவ்வளவு உப்பு இருந்தாலும், நக்கிப் பார்த்துக் கண்ணை மூடி, "பர்ஜரி அக்கா" என்பாள். பிரமாதம் என்று அர்த்தம். அந்தப் பிரமாதத்தைத்தான் மாதம் ஒருமுறை பட்டறை ஆட்கள் முகம் சுளித்துக்கொண்டு தின்றார்கள்.

ஜூலை வரைக்கும் எட்டு வெள்ளி ஆயிற்று. ராயம்மாள் இதற்குமுன் ஒருபோதும் இவ்வளவு தூரம் வந்ததில்லை. ஒரே கொட்டைதான் பழைய டப்பாவில் இருந்தது. ஆகஸ்டு ஐந்தாம் தேதி அதை எடுத்துவிடவேண்டும்.

ஐந்தாம் தேதி விடியற்காலை மல்லம்மா தலைக்குக் குளித்து, பூ வைத்து, மஞ்சள் பூசின முகத்தோடு வந்தாள். ராயம்மாள் சாம்பாரைக் கிளறிக்கொண்டே, "வா, வந்து உப்பப் பாரு" என்றாள்.

"அய்யோ அக்கா, இன்னிக்கு வரமகாலக்ஷ்மி. பூஜை ஆகற வரைக்கும் பச்சத்தண்ணி வாயில படக்கூடாது."

"என்னடி சொல்ற? இன்னைக்கு எனக்கு ஒம்பதாவது."

"நான் என்ன பண்ணட்டும்? உங்க சாமி மாசாமாசம் வருது. நம்ம அம்மா வருஷத்துக்கு ஒரே தடவ வர்றா."

இரண்டு பேரும் கொதிக்கிற சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருநூறு பேருக்கான சாம்பாருக்கு முன்னால் விரதமிருக்கிற இரண்டு ஒருசந்திக்காரிகள். மல்லம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மொதலாளியக் கூப்பிடலாமா?"

"அவுரு குளிச்சு விபூதி வெக்காம வாயில எதுவும் போடமாட்டாரு. மணி எட்டாவும்" என்றாள் ராயம்மாள். "போவட்டும். கைப்பிடி அளவு எனக்குத் தெரியாததா?"

எட்டுப் பிடி உப்பு போட்டாள். புளி புதுசு, கொஞ்சம் அதிகமாகப் புளிக்கிற சாதி. இன்னும் அரைப்பிடி வேண்டியிருக்குமோ என்று ஒரு யோசனை. அதற்குள் இட்லிக் கொப்பரையில் ஆவி தள்ளியது. "தட்ட எறக்குடி, வெந்துருச்சு" என்று அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னாள். மல்லம்மா கொப்பரையை இறக்கினாள். ராயம்மாள் அரைப்பிடி உப்பைப் போட்டுக் கிளறி மூடினாள். முகம் கழுவி, முக்காடு போட்டுக்கொண்டு, மழைத் தூறலில் கோயிலுக்கு நடந்தாள்.

கோயில் சின்னது. முதல் வெள்ளிக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள். பிந்தோ சாமியார் மங்களூர்க்காரர். மார்டள்ளியில் ஆறு வருஷம் இருந்து தமிழ் கற்றவர். ராயம்மாள் தூணோரம் முழங்கால் போட்டாள். முழங்கால் வலியை அன்று சூசைக்காக ஒப்புக்கொடுத்தாள். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்தது. ஏழு வருஷத்து வேலை இன்னும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

நன்மை வாங்குகிறவர்கள் பீடத்தின்முன் இருந்த தடுப்புக் கிராதியோரம் வரிசையாக முழங்கால் போட்டார்கள். சாமியார் லத்தீனில் முணுமுணுத்தபடி ஒவ்வொருவராக வந்தார். ராயம்மாளுக்கு முன்னால் வந்து நின்றார். அவள் தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, நாக்கை நீட்டினாள்.

நாக்கின் அடியில் பெருங்காயம் இருந்தது.

அடுப்படி மணம் சேலையில் இருக்கும், தலைமயிரில் இருக்கும். இது நாக்கில் இருந்தது. அவள் கண்ணைத் திறந்து, கூப்பிய கையைப் பிரித்துப் பார்த்தாள். வலது உள்ளங்கையின் ரேகையில் மஞ்சளாக ஒரு கோடு, முகம் கழுவியும் போகாமல், காய்ந்திருந்தது. கொப்பரைப் பக்கம் திரும்பிப் பேசிய அந்த நேரத்தில், எட்டு வருஷப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு அகப்பையைச் சாய்த்திருக்கிறது. நாக்கு தன்பாட்டுக்கு நக்கியிருக்கிறது. அரைப்பிடி உப்பு வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? இப்படித்தான் தெரிந்தது.

சாமியாரின் கை அவள் வாய்க்கு நேரே நின்றது. ராயம்மாள் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். வாயை மூடித் தலையை ஆட்டினாள். சாமியார் ஒரு கணம் நின்று, அடுத்தவளிடம் போனார். அத்தனை பேர் பார்க்க அவள் கிராதியைப் பிடித்து எழுந்து, தூணோரத்துக்குத் திரும்பி வந்தாள். கிராதிவரை போய் வாங்காமல் திரும்பியவளைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். என்ன பாவமோ, நினைப்பு வந்ததும் பயந்துவிட்டாள் என்பார்கள். நினைக்கட்டும் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு, எழுந்து கடைக்குப் போகவேண்டுமே என்றிருந்தது.

கடைக்குத் திரும்பியபோது பந்தி முடிகிற நேரம். லிங்கப்பன் கையைக் கழுவிக்கொண்டே கத்தினான்:

"என்ன தீர்வையம்மா, இன்னிக்கு மொதல் வெள்ளிதானே? உப்பு சரியா இருக்கே! சாமி கீமி மறந்துபோச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். ராயம்மாள் உள்ளே போனாள். அலமாரிக்கு மேலிருந்த டப்பாவை எடுத்து, எட்டுக் கொட்டைகளையும் திரும்பக் கொட்டினாள். மல்லம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் இருந்து சாமியார் நடந்ததைக் கேட்டார். அவள் சொன்னாள்.

"ஒரு சொட்டுத்தானே?"

"ஒரு சொட்டுதானுங்க சாமி."

"முழுங்கினியா?"

"தெரியலீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "எச்சிலோட எச்சிலா போனது ஒருசந்திய முறிக்காது. நீ வாங்கியிருக்கலாம்."

"அங்கயே சொல்லியிருக்கலாமுங்களே சாமி."

"நீ வாயை மூடிக்கிட்டே. நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப அந்த ஒம்பதாவது சேருமுங்களா?"

"வாங்காதது எப்படிச் சேரும்?" அவர் குரல் தணிந்தது. "இங்க பாரு. ஆண்டவர் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு, நீ எப்ப சறுக்குவேன்னு பாத்துக்கிட்டு இல்ல."

"அவரு பாக்க வேண்டாமுங்க சாமி. நான் பாத்துக்கோணுமில்லீங்க."

சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் அபராதமாகக் கொடுத்தார். வெளியே வந்தவள் அதைச் சொல்லி முடித்தாள். பிறகு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தொன்பது வயதாகிறது. இன்னும் ஒன்பது மாதம். கால் கேட்குமா, மூச்சு கேட்குமா என்று யோசித்தாள். கேட்காவிட்டால் அதுவரைக்கும் என்று எழுந்தாள்.

செப்டம்பர் முதல் வெள்ளியன்று ஒரு வெள்ளைத் துணியால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு அடுப்பின்முன் நின்றாள்.

"என்ன அக்கா, பல்லு வலியா?" என்றாள் மல்லம்மா.

ராயம்மாள் தலையை ஆட்டினாள்.

"உங்க வாய்க்கு நீங்களே தாழ்ப்பாள் போட்டுக்கிட்டீங்களா? பேஷ். நமக்கு ஒருநாள் நிம்மதி." சொல்லிவிட்டு உப்பை நக்கிப் பார்த்து, "பர்ஜரி" என்றாள். அன்று சாம்பார் உப்புக் கரித்தது. லிங்கப்பன் திருப்தியாக, "ஆங், வந்துருச்சுடா மொதல் வெள்ளி" என்றான்.

அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி. ஐந்து கொட்டைகள் மாறின. ஜனவரிக்கே கோயில் தூரத்தை மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்துதான் நடக்க முடிந்தது. அந்த மாதக் கடைசியில் அடுப்பின்முன் சாய்ந்தவளைக் கந்தசாமி குதிரை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கால் வீங்கியிருந்தது. படுக்கவிடாமல், தலையணையை அண்டைகொடுத்து உட்காரவைத்திருந்தார்கள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. காலை ஏழரைக்குப் பிந்தோ சாமியார் வந்தார். நன்மையை மார்போடு அணைத்துக் கொண்டுவந்திருந்தார். கட்டிலோரத்து ஸ்டூலில் மல்லம்மா வெள்ளைத் துணி விரித்தாள். சாமியார் அதில் நன்மைச் சிமிழை வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். ராயம்மாளின் முகம் மலர்ந்தது.

அவளுக்குத் தெரியாத ஒன்றைக் கந்தசாமி வாசலிலேயே சாமியாரிடம் சொல்லியிருந்தார். இன்றைக்குத் தாண்டினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மல்லம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சாமியார் ராயம்மாளின் வாயருகே காதைக் கொடுத்துப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். முடிந்ததும் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்: "எதாவது சாப்பிட்டியா?"

"ஆறு மணிக்குக் கஞ்சிங்க சாமி."

"கஞ்சிதானே. நோயாளிக்கு நீராகாரம் எப்ப குடிச்சாலும் தடையில்ல."

"பருக்கை இருந்துச்சுங்க."

சாமியார் மல்லம்மாவைப் பார்த்தார். மல்லம்மா கையைப் பிசைந்தாள். "வெறும் தண்ணியா குடுக்க மனசு வரல சாமி. ரெண்டு கை சோறும் கரைச்சு ஊத்தினேன்."

"பருக்கைன்னா மூணு மணி நேரமுங்க" என்றாள் ராயம்மாள். இழுத்து இழுத்து வந்தது மூச்சு. "ஒம்பது மணிக்குங்க சாமி."

"ராயம்மா, உடம்பு ரொம்ப முடியாம இருக்கறவங்களுக்கு எந்தக் கட்டும் கிடையாது."

"சாகக் கெடக்கறவங்களுக்குத்தானுங்க அப்படி? உபதேசியாரு சொல்லியிருக்காரு. எனக்கு நேத்துக்கு இன்னைக்குத் தேவலைங்க. உங்களுக்கு வேற வேலையிருந்தா போயிட்டு வாங்க சாமி."

சாமியார் வாயைத் திறந்தார். நீ சாகக் கிடக்கிறாய் என்று சொன்னால் இப்போதே கொடுத்துவிடலாம். நன்றாகிவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செபப்புத்தகத்தைத் திறந்தார். விடியுமுன் எழுந்து இரண்டு இடத்தில் பூசை வைத்துவிட்டு வந்தவர். அவர் கண்ணும் சொக்கியது.

எட்டேகாலுக்கு ராயம்மாளின் மூச்சு மாறியது. இடையிடையே நின்று, பிறகு உருட்டிக்கொண்டு வந்தது. மல்லம்மா பாய்ந்து எழுந்தாள். "சாமி, கொட்டுபிடி! குடுத்துடுங்க சாமி!"

சாமியார் எழுந்து சிமிழை எடுத்தார். ராயம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"மணி என்னாச்சுங்க சாமி?"

சுவர்க் கடிகாரம் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவளால் திரும்பிப் பார்க்க முடியாது. மல்லம்மா சாமியாரைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எட்டேகால்" என்றார்.

"இன்னுங் கொஞ்சந்தானுங்க."

அவர் சிமிழை வைத்துவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை புத்தகத்தைத் திறக்கவில்லை. அவளுடைய மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். மெழுகுவத்தி பாதிக்குக் கீழே போனது. பக்கத்துக் கட்டில்காரி விஷயம் புரியாமலே எழுந்து உட்கார்ந்து கையைக் கூப்பிக்கொண்டாள்.

ஒன்பது அடித்தது. ஒன்பதாவது அடி ஓயும்வரை ராயம்மாள் காத்திருந்தாள். பிறகு நாக்கை நீட்டினாள்.

வாங்கி, விழுங்கி, கொஞ்ச நேரம் கண்மூடி இருந்தாள். திறந்தபோது சாமியார் பையிலிருந்து சின்ன எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அதையும் கொண்டாந்திருக்கீங்களா சாமி?"

"கொண்டுவந்தேன்."

"வரும்போதேவா?"

"ஆமா."

ராயம்மாள் அவரையும் மல்லம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பவே சொல்லியிருந்தா உங்கள இத்தன நேரம் காக்கவெச்சிருக்க மாட்டேனுங்களே சாமி" என்றாள்.

அவர் அவள் கண்ணிலும் காதிலும் மூக்கிலும் வாயிலும் எண்ணெய் பூசினார். கையைக் கேட்டார். அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். வலது கையைக் கொஞ்ச நேரம் அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். கை சுத்தமாக இருந்தது. சூசைக்குச் சொன்ன "இருக்குமானால்" அன்று வேண்டியிருக்கவில்லை. வாய்விட்டு மூச்சு வாங்கிக்கொண்டு, அவர் சொன்ன ஒவ்வொரு செபத்துக்கும் அவளே ஆமென் சொன்னாள்.

சனிக்கிழமை விடியுமுன், அடுப்பு மூட்டுகிற நேரத்தில், மல்லம்மா கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தாள். தீர்வையில் என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள் என்பது நமக்குத் தெரியாது. அலமாரிக்கு மேலிருந்த ஒரு டப்பாவில் ஐந்து கொட்டைகளும் மற்றதில் நாலும் இருந்தன. மல்லம்மா அந்த நாலில் ஒன்றை எடுத்து ஐந்தோடு போட்டாள். பிறகு இரண்டு டப்பாவையும் மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

மார்ச் மாதத்து முதல் வெள்ளியன்று சாம்பார் வைத்தவள் மல்லம்மாதான். இறக்குமுன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் பட்டது. லிங்கப்பன் இரண்டு வாய் இட்லி தின்றான். சாம்பார் கரித்தது. தலையை நிமிர்த்தி அடுப்படிப் பக்கம் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனும் அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தான். லிங்கப்பன் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மிச்ச இட்லியைத் தின்று முடித்தான்.